கபுக்கைக் கல் என்று நம்பினோம்

என் அன்பான என்னங்க,

உங்களை நான் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. கொன்வென்டில் படித்தவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள் என்று உங்கள் அம்மா பயந்தாராம். நான் வீம்புக்காகவே கடைசிவரை ‘என்னங்க’ என்றேன். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

நீங்கள் போனபிறகு தெஹியோவிட்டவில் இது மூன்றாவது பெரிய மழைக்காலம். கூரை ஒழுகவில்லை. தோட்டத்தில் ரப்பர் மரங்களில் வெட்டுப்பட்டை நனையாமல் மழைப்பாவாடை கட்டியும் பாதி நாள் பால்வெட்டு இல்லை என்கிறார்கள். நம் அந்தோணி கட்டாரிலிருந்து வந்துவிட்டான், இனிப் போகமாட்டானாம். உங்கள் நீலக் காரைத் துடைத்து, புது பெட்டரி போட்டு, கோவிலுக்கு என்னை அதில்தான் கூட்டிப் போகிறான். நீங்கள் ஓட்டும்போது பிடித்துக்கொண்ட அதே கைப்பிடியை இப்போதும் பிடித்துக்கொள்கிறேன். அவனும் உங்களைப் போலத்தான் வளைவுகளில் ஹோர்ன் அடிக்க மறக்கிறான்.

இன்று எழுத உட்கார்ந்தது போன வாரம் நடந்ததைச் சொல்ல. உங்களுக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குமுன் ஒன்று. நீங்கள் எப்படி இறந்தீர்கள் என்று ஊரில் கேட்டால் இன்றும் ஒரே பதில்தான்: “ஜக்கு சறுக்கிருச்சு.” என் அலறல் கேட்டு முதலில் ஓடி வந்தவர், புல்லில் கிடந்த கார் தூக்கும் ஜக்கைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. ஜக்கு சறுக்கவில்லை. காரின் ஒரு பக்கத்தைத் தூக்கி, வீட்டுச் சுவருக்கு வைக்கும் செம்மண் கபுக் கற்களை அடுக்கி முட்டுக் கொடுத்து, அதே ஜக்கைக் கழற்றி மறுபக்கமும் தூக்கினீர்கள். அங்கேயும் கற்களை வைத்தீர்கள். ஜக்கைப் புல்லில் போட்டுவிட்டுத்தான் காருக்கு அடியில் போனீர்கள். நொறுங்கியது கபுக். நான் அதைக் கண்ணால் பார்த்தவள். செங்கல் நிறத்துத் தூள் உங்கள் சட்டையெல்லாம் இருந்தது.

எத்தனை பேரிடம் திருத்திச் சொன்னேன்! மரண வீட்டில் விதவை சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்? உங்கள் தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவர் சித்தம் அண்ணி, மனசத் தேத்திக்குங்க” என்றாள். “ஆண்டவர் கபுக் கல் அடுக்குறதில்ல லூர்து” என்றேன். அன்று மூடிய வாயை அவள் நாற்பதாம் நாள் பூசைக்குத்தான் திறந்தாள்.

அந்தோணியிடமும் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், “இப்ப எதுக்கும்மா அதெல்லாம்” என்று எழுந்து போய்விடுவான். உங்களைக் கடைசியாகப் பார்க்க விமானம் ஏறி வர முடியாமல் போனவன். அவன் வலியை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் அவன் மனதில் நின்றுபோனது ஊர் சொன்ன கதை. அதனால் அவன் கற்ற பாடமும் தப்பாகிவிட்டது.

போன சனிக்கிழமை வெயில் அடித்தது. காரின் முன் ஷாஃப்டில் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறிக்கிறது, கராஜில் காசு அதிகம் கேட்கிறார்கள், நானே மாற்றிவிடுவேன் என்றான் அந்தோணி. தேநீர் எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனேன். முன் சக்கரங்கள் இரண்டும் கழற்றிக் கிடந்தன. பளபளவென்று புதிய, பெரிய ஜக்கு பக்கத்தில். காரோ வீடு கட்டி மிஞ்சிய அதே கபுக் கற்களின்மேல் நின்றது. அந்தோணி கீழே சாக்கு விரித்துக்கொண்டிருந்தான்.

தேநீரைத் தரையில் வைத்தேன்.

“உள்ள போகாத.”

“அம்மா, பயப்படாதீங்க. அப்பாகிட்ட இருந்தது பழைய சின்ன ஜக்கு. இது ரெண்டு டொன் தூக்கும்.”

“ஜக்கு இப்ப எதத் தூக்குது? சும்மாதான கெடக்கு. காரு எதுமேல நிக்குதுன்னு பாரு.”

“கல்லு மேல. நம்ம வீடே இந்தக் கல்லு மேலதாம்மா நிக்குது.”

“அது கல்லு இல்ல. மண்ண வெட்டிக் காயவச்சது. வீட்டுச் செவுரு பாரத்தப் பரப்பித் தாங்கும். காரு ஒரே எடத்துல குத்தி நிக்குது. மழையில ஊறின சாமான் வேற.”

அவன் சிரித்தான். “கொன்வென்ட்ல படிச்சவங்ககிட்ட வாய் குடுக்கக் கூடாது. கல்லுக்கும் இலக்கணம் பார்ப்பாங்க.”

“பார்ப்பேன். தள்ளி நில்லு.”

அவன் எழுந்து விலகும்வரை காத்திருந்தேன். பிறகு பக்கவாட்டில் நின்று, முன் மட்கார்டில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். என் வயதுக்கு என்ன பலம் இருக்கும்? கார் மெல்ல அசைந்தது. அவ்வளவுதான். இடது பக்கத்துக் கபுக் பாண் ரொட்டியைப் பிட்டதுபோல் இரண்டாகப் பிளந்தது. மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு கார் விழுந்தது. விரித்த சாக்கு அதன் அடியில் கண்ணுக்கே தெரியவில்லை.

அந்தோணி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே கேட்டான்.

“அப்பாவுக்கு வலிச்சிருக்குமாம்மா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. நான் ஓடி வந்தபோது உங்கள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தீர்களா? இத்தனை நாளாக உங்களிடம் கேட்க வைத்திருப்பது அந்த ஒரு கேள்விதான்.

அதன்பிறகு அவன் அழுதான். செத்த வீட்டுக்கு வர முடியாதவன், இவ்வளவு காலம் கழித்து, நீங்கள் கிடந்த அதே இடத்தில் உட்கார்ந்து அழுதான். அன்று முதல்முறையாக நான் சொன்ன முழுக்கதையையும் எழுந்து போகாமல் கேட்டான்.

திங்கட்கிழமை அவிசாவளைக்குப் போய் இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வாங்கி வந்தோம். மூன்று கால், உயரத்துக்கு ஏற்றபடி பூட்டும் பல். எவ்வளவு பாரம் தாங்கும் என்று அடியில் பொறித்திருந்ததை நானே கண்ணாடி போட்டு வாசித்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, “நோனா கராஜ் போடப் போறாங்களா?” என்று கேலி செய்தார். “வீட்டுக்குள்ளேயே கராஜ் போட்ட புருஷனைப் பறிகொடுத்தவள்” என்றேன். பாவம், மீதிக் காசைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

விழுந்த காரை ஜக்கால் தூக்கிச் சக்கரங்களை மாட்டி, இந்த முறை சீமெந்துத் தரையில் நிறுத்தினான். ஹேண்ட்பிரேக், முதல் கியர், பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜக்கால் தூக்கி, சட்டத்தின் பலமான இடத்தில் ஸ்டாண்டை வைத்து, பாரம் அதன்மேல் உட்காரும்வரை மெல்ல இறக்கினான். கழற்றிய சக்கரங்களையும் காருக்கு அடியில் படுக்க வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, “வாங்கம்மா, தள்ளுங்க” என்றான். தள்ளினேன். அசையவில்லை. அவனைத் தள்ளச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை.

அவன் உள்ளே போனான். அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உங்கள் கால்களைப் போலவே, என்னங்க. நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தோணி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும், “இருக்கேன்மா” என்றான். ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அவனைப் பார்க்க உங்களுக்கு ஆசையாக இருக்கும். தெரியும். ஆனால் பொறுத்திருங்கள். உங்களிடம் அடுத்து வருவது நான்தான். எனக்குமுன் அவனை அங்கே வரவிடமாட்டேன். இது என் வாக்கு.

அந்தோணியின் அம்மா,
உங்கள் மனைவி பிலோமினா