மொட்டைமாடிப் படையெடுப்பு

மார்ச் 3, செவ்வாய்
பதினோரு ஆண்டுகளாக இந்த வீட்டுத் துணிகளைத் துவைத்து வருபவன் அடியேன். அண்டசராசரத்தில் இதை அறிந்தவர்கள் இருவர்: நானும் மனைவியும். கதவைச் சாத்திக்கொண்டு நான் துவைப்பேன். மொட்டைமாடியில் காயப்போடுவது அவள். எதிர்மாடியில் அண்ணன் இருக்கிறாரே! அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கொசுகூடப் பறந்ததில்லை.

மார்ச் 5
தையல் ஆலையில் அவளுக்கு சூப்பர்வைசர் பதவி தருகிறார்களாம். காலை ஆறு மணிக்கே வேலை. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.
"வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.
"ஏன்?"
"ஆறு மணிக்குப் போயிட்டா துணிய மாடிக்கு யாரு கொண்டுபோவா? ரூமுக்குள்ள போட்டா நாறுது."
ஒரு கொடிக்கயிற்றுக்காகப் பதவியை விடுவதா? இல்லை, என் மானத்துக்காக விடுகிறாள். பஸ் டிப்போவில் என் விசிலுக்கு நாற்பதாயிரம் பஸ் நகரும் (சரி, நாற்பது). என் கால் மட்டும் மாடிப்படியில் நகராதாம். த்தூ, நானெல்லாம் ஒரு ஆம்பள!

மார்ச் 6
ஏறினேன். இரண்டு வாளி, எண்ணூறு படி. ஓரக்கொடியில் என் சட்டைகள். நடுக்கொடியில், எதிர்மாடிக்கு நேராக, அவளுடைய பாவாடைகள் மூன்று. மூன்றும் என் வெற்றிக்கொடிகள்!
"டேய்! பாவாடையையாடா காயப்போடற? நம்ம வம்சத்துல எவனாவது இதச் செஞ்சிருக்கானா?" — அண்ணன்.
"இல்லண்ணா, நான்தான் முதல் ஆளு! கல்வெட்டுல போட்டுக்கோங்க. துவைச்சதும் நான்தான், பதினோரு வருஷமா. அதையும் சேத்துக்கோங்க!"
தெருவே சிரித்தது. காது எரிந்தது. கடைசி கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.
படிக்கட்டில் அவள் நின்றிருந்தாள். "பாவாடைய உள்பக்கம் திருப்பிப் போடணும், வெயில்ல வெளுத்துடும்" என்றாள். அப்புறம் போனில், "சரி சார், வரேன்."

மார்ச் 9
அண்ணன் பேசுவதில்லை. பரம நிம்மதி.
பொய். சோறு இறங்கவில்லை. ஆனாலும் காலையில் மாடி ஏறினேன்.

மார்ச் 25
அவள் சூப்பர்வைசராகிப் பத்து நாளாகிறது. பாவாடைகள் மூன்றும் வெளுத்தே போய்விட்டன.
இன்று எதிர்மாடியில் அண்ணி, கையில் கனத்த ஈரப் போர்வை.
"ஏங்க, புழிய ஒரு கை குடுங்களேன்! கொழுந்தன் பாத்தா பாக்கட்டும்."
அண்ணி போர்வையின் ஒரு முனையைக் கதவுப்பக்கம் நீட்டியபடியே நின்றார். பிறகு மாடிக்கதவின் இடுக்கிலிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து, போர்வையின் மறுமுனையைப் பிடித்தன. முகம் வரவில்லை.
விசில் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து ஊதவில்லை. எதையும் பார்க்காதவன்போல் திரும்பி, பாவாடையை உள்பக்கம் திருப்பிப் போட்டேன்.