வரப்பு என்று பெயரிட்ட படங்கள்

என் பிரியமான மலர் அக்கா,

“இது மலர் அக்கா கண்டுபிடிச்சது சார்.” அன்று கருத்தரங்கில் நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான். நம் ஆய்வு வழிகாட்டி என் பக்கம் பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

நீ காய்ச்சலில் போய் அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திரையில் நீ தேடியெடுத்த படம். வங்கக் கடலில் புயலொன்று காற்றை மேலே தள்ள, தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்தில் கோடு கோடாக எழுந்த அலைகள், செயற்கைக்கோள் எடுத்தது. “நான் கவனித்தது” என்றார் சார். முன்பு இதே கோடுகளைப் பார்த்து, “கேமரா கோளாறும்மா, அழிச்சிட்டு வேற வேலையப் பாரு” என்றவர்.

நீ அழிக்கவில்லை. கோளாறென்றால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும், இவை புயலோடு நகர்கின்றன என்று படம் படமாக அடுக்கிக் காட்டினாய். கோப்புகளுக்கு ‘வரப்பு’ என்று பெயர் வைத்தாய்.

“அலைன்னே வைக்கலாமேக்கா?”

“நாகூர்க்காரிக்கு அலைன்னா கடல்தான். எங்க பாபநாசத்து வயல மேலேர்ந்து பாருடி, வரப்பு இப்படித்தான் வரிவரியா கெடக்கும். சாருக்கு அதுவும் தெரியாது, நடக்கவிட்டா வழுக்கி விழுவாரு.”

அந்தக் கோப்புப் பெயரைப் படத்தின் மூலையிலிருந்து வெட்ட அவர் மறந்திருந்தார். முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: “வரப்புன்னு போட்டிருக்கே, அது என்ன சார்?”

“அதுவா, யாரோ ஸ்டூடண்ட் வெளையாட்டா வச்ச பேரு.”

அரங்கம் சிரித்தது. யாரோ ஸ்டூடண்ட். இரங்கல் கூட்டத்தில் உன் படத்துக்கு முதல் மாலை போட்டவர் அவர்தானே அக்கா? அதற்குள் பெயர் எப்படி மறந்துபோகும்?

என் பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டதற்கு அதுதான் காரணம். கௌரவமாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அந்தப் படங்களை வைத்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் என் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தார். உன் பெயர் இல்லை. அதை வெளியிடவிருந்த ஆய்விதழுக்கு எழுதினேன்: முதலில் மலரின் பெயர் வர வேண்டும், முடியாதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். நீ தேதி போட்டு எழுதிய குறிப்புகளையும் இணைத்தேன். உன் பெயர் அச்சில் வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். இது சத்தியம்.

போன வாரம் கட்டுரை வெளிவந்தது. என் பெயரை எடுத்துவிட்டார்கள். உன் பெயரைச் சேர்க்கவில்லை.

உன் தங்கச்சி,
ஷமீமா