மருமகளோடு கடலுக்கு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் போன் செய்தாள். மருமகள் என்றுதான் எழுத வருகிறது. என் மகனும் அவளும் பிரிந்து, விவாகரத்தும் வாங்கி ஒரு வருடம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ‘உங்க முன்னாள் மருமகள்’ என்கிறாள். முன்னாள் என்பது அமைச்சர்களுக்குப் போடுகிற சொல். எனக்கு வாயில் நுழையவில்லை.

“அத்தை, இந்த வருஷமும் கடலுக்குப் போகலாமா? நாம ரெண்டு பேர் மட்டும். காலைல போய் சாயங்காலம் வந்துடலாம்” என்றாள். 22ஆம் தேதி, ஞாயிறு. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அன்று விடுமுறை. யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் மகன் ஞாபகம் வந்தது.

மார்ச் 5, வியாழன்

ரயிலா, பஸ்ஸா? பஸ் என்றால் கடற்கரை ஓரமாகவே இறக்கிவிடும். ரயில் என்றால் நடக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை எக்ஸ்ரே அறையில் ஊரார் முட்டியையெல்லாம் படம் பிடித்தவள் நான். என் முட்டி உள்ளே என்ன லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் ரயில்தான். என் வீட்டுக்காரர் இருந்தவரை நாங்கள் நால்வரும் ரயிலில்தான் போனோம். கடல் தெரியும் பக்கத்து ஜன்னலைப் பிடிக்க முண்டியடித்து ஏறுவார். பிடித்ததும் அதை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, பெருமையாக நின்றுகொண்டே வருவார்.

பெரிய குடை ஒன்றையும் சுமந்து வருவார். மணலில் நட்டு முடிப்பதற்குள் காற்று அதை மலர்த்திவிடும். “இந்த வருஷக் காத்து கொஞ்சம் முரட்டுக் காத்து” என்பார். எல்லா வருடமும் இதையேதான் சொன்னார்.

கல்யாணமாகி வரும்வரை அவள் கடலைப் பார்த்ததே இல்லை. முதல் முறை மணல்மேட்டில் ஏறி நின்றதும் கையைப் பிடித்துக்கொண்டாள் — பக்கத்தில் புருஷன் கை இருக்க, என் கையை. இது எந்நேரமும் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்குமா என்று கேட்டாள். அப்பாவும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் அதே சந்தேகம் வந்தது. யாரிடமும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

மகன் சாப்பிட வந்தான். நானே சொன்னேன். ஒளித்துவைக்க இதென்ன திருட்டா?

அவன் முகம் சுருங்கிவிட்டது. கடல்தானே வேண்டும், நான் காரில் கூட்டிப்போகிறேன், அவளோடு எதற்கு என்றான். நான் அவன் தட்டில் குழம்பை ஊற்றினேன். “நீ யார் பக்கம்மா?” என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே சொல்ல? யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் இருவர் இருந்த வீட்டில் பேச்சு குறைந்தது, இன்னும் குறைந்தது, ஒருநாள் நின்றே போனது. இதில் எந்தப் பக்கம் போய் உட்கார்வது?

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

மார்ச் 9

போன் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்றும் இல்லை. தினமும் வேலை முடிந்ததும் கூப்பிடுகிறவன்.

மருமகளைக் கூப்பிட்டு, முட்டி வலி அதிகம், இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முட்டி வலியாம், முட்டி வலி. வெக்கமா இல்ல எனக்கு? பெத்த பிள்ளை மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா, ஒரு வாரத்துல தானா இறக்கி வச்சுடுவான். இவ என்ன செய்வா? என்னை விட்டா இந்த ஊர்ல இவளுக்கு யாரு இருக்கா?

மார்ச் 14, சனி

அவள் கடைக்கே போனேன். என்னைக் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்காரவைத்து, அந்தக் கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டினாள். ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

“ஞாயித்துக்கிழமை போறோம். முட்டி நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

வில்லை மாற்றிய கை நின்றது. “தெரியும் அத்தை” என்றாள். அடுத்த வில்லையைப் போட்டு, கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பாதிக்கு மேல் தப்பு.

வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டேன். நான் போகிறேன், உன்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் குறைந்துவிடாது என்றேன். “ம்” என்றான். அந்த ‘ம்’ போதும்.

மார்ச் 21, சனி

ரொட்டி, அவித்த முட்டை, தண்ணீர், மாற்றுத் துணி. நான்கு பேருக்குக் கட்டிப் பழகிய கை. முட்டையை அதிகமாக அவித்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

மணல்மேடு இல்லை. சமப்படுத்திக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அவர் குடை நடும் இடம் எதுவாக இருக்கும் என்று இருவரும் தேடினோம். ஆளுக்கு ஓரிடத்தைக் காட்டினோம். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தோம்.

முட்டை உரித்துக்கொண்டே சொன்னாள். கடைக்குக் கண்ணாடிச் சட்டங்கள் கொண்டுவரும் ஒருவர். மனைவி இறந்துவிட்டாராம். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இவளைக் கேட்டிருக்கிறார்.

“இன்னும் பதில் சொல்லல. உங்ககிட்ட சொல்லாம எப்படி அத்தை?”

எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் — இந்தப் பயணத்தில் ஏதோ ஒன்று மறுபடி ஒட்டிக்கொள்ளும், அவள் பழையபடி என் வீட்டு மருமகளாகவே வருவாள் என்று மனதில் ஒரு மூலையில் ஆசை வைத்திருந்தேன். அது அங்கேயே போயிற்று.

“உன்கிட்ட பேசுவாரா?” என்று கேட்டேன்.

“பேசிக்கிட்டே இருப்பார். சில நேரம் நான்தான் நிறுத்தச் சொல்லணும்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியென்றால் சரி என்று சொல்லிவிடு என்றேன். தண்ணீரில் இறங்கி நெடுநேரம் நின்றோம். கரையேறும்போது என் கண் கலங்கியிருந்தது. உப்புக் காற்று என்றேன். ஆமாம், ரொம்ப உப்பு என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

மகன் வந்தான். விஷயத்தைச் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவன் கழுவிக்கொண்டே இருந்தான். நல்ல ஆளா என்று கேட்டான். தெரியாது, நிறையப் பேசுவாராம் என்றேன்.

குழாயை மூடினான். “நான் பேசிருக்கணும்மா” என்றான்.

ஜூன் 12, வெள்ளி

இன்று அவளுக்குப் பதிவுத் திருமணம். ஆட்டோவுக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். காலையில் மகனே காரோடு வந்து நின்றான்.

பதிவு அலுவலக வாசலில் இறக்கிவிட்டான். உள்ளே வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. முடிந்ததும் போன் பண்ணச் சொன்னான், வந்து கூட்டிப்போகிறானாம்.

கையெழுத்து, வாழ்த்து, போட்டோ எல்லாம் முடிந்து வெளியே வந்தேன். வண்டி அதே இடத்தில் நின்றிருந்தது. போன் பண்ண வேண்டியிருக்கவில்லை.