ரேடியேட்டர் குழாய்

என் வீட்டுக்காரிக்கு,

மகளும் பச்சைக்குழந்தையும் நலம்தானே? எனக்குப் பிரஷர் நார்மல்தான்.

டாக்டரம்மாதான் கையிலும் காலிலும் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, "ரத்தக்குழாய் விறைச்சுப் போயிருக்கு. சர்க்கரையும் தொப்பையும் பண்ற வேலை" என்றார். "பிரஷர்தான் சரியா இருக்கே, அப்புறம் என்ன?" என்று மல்லுக்கு நின்றேன்.

பட்டறைக்குத் திரும்பி, ஒரு காரின் ரேடியேட்டர் ரப்பர் குழாயை அமுக்கிப் பார்த்தேன். கட்டை மாதிரி இருந்தது. மாற்றச் சொன்னேன். "வண்டி சூடாகவே இல்லியே, அப்புறம் என்ன?" என்றார் கார்க்காரர்.

அவர் வண்டிக்குப் புதுக்குழாய் மாட்டிவிட்டேன். எனக்கு மாட்ட எந்தக் கடையிலும் கிடைக்காது. டீக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டேன்; பட்டறைக்கு நடந்தே போகிறேன்.

நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

ஆனால், எப்போது வருகிறாய்?

உன் மெக்கானிக்