காலண்டர் தாளின் பின்பக்கம்

டீச்சர்,

இன்று காலை கல்லூரியில் என் அறைச் சுவரில் புதுக் காலண்டரை மாட்டினார்கள். சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டர்தான். அட்டையில் மை வாடை இன்னும் போகவில்லை. பழையதில் மிஞ்சியிருந்த கடைசித் தாளைக் கிழித்தேன். கசக்கிக் கூடையில் போட வேண்டியதுதான், ஆனால் கை வரவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. உங்கள் கையில் சிக்கியிருந்தால் அது அப்படித் தப்பியிருக்காது.

அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் உங்கள் பள்ளிக்கு நான் முதலில் வந்தது முனைவர் பட்ட ஆய்வுக்காக. விருதுநகரில் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. உங்கள் நாலாம் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருந்தார்கள். காது கேட்காத பையன் ஒருவன் இருந்தான். பாதிப் பேருக்கு அம்மாவும் அப்பாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. இத்தனை விதமான பிள்ளைகளையும் சேர்த்து வைத்துக் கணக்கும் வாசிப்பும் சொல்லித்தர நான் படஅட்டைகள் செய்து கொண்டுவந்தேன். கல்லூரியும் பள்ளியும் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வு என்று உங்களிடம் விளக்கினேன்.

"கூட்டுன்னா, நீங்க சொல்லுவீக, நாங்க செய்வோம், அதான மேடம்?" என்று கேட்டீர்கள்.

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

வகுப்பில் உங்கள் மேசைக்கு மேலேயும் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். காலையில் வந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிப்பீர்கள். பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதி, சணலில் கோத்து வைப்பீர்கள். என்ன அது என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமில்ல மேடம், எனக்கு மறதி ஜாஸ்தி" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். எனக்குத்தான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக விவரம் இருந்ததே.

முதல் தேர்வைத் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு வைத்தேன். அட்டைகளை வைத்துப் பாடம் நடந்தது. தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து அடுத்த தேர்வு. மதிப்பெண்கள் எகிறிவிட்டன. வரைபடத்தில் கோடு சரசரவென்று மேலே ஏறியது. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மதியம் உங்களிடம் ஓடிவந்தேன். வகுப்பாசிரியர் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கையை ஏற்பார்கள். அது போகாவிட்டால் என் பட்டமும் அதை நம்பியிருந்த பதவி உயர்வும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

டிபன் பாக்ஸைத் திறந்து, பாதிச் சோற்றை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மொதப் பரீட்சை சீசன்ல வச்சீக, இல்ல?"

"ஆமா."

"அப்ப ஆறரைக்கே கம்பெனி வேன் வந்துரும் மேடம். அம்மாமாரு நாலரைக்கு எந்திரிச்சா பிள்ளைகளும் எந்திரிச்சிரும். தம்பி தங்கச்சிய இதுக கெளப்பிவிட்டுட்டுத்தான் இங்கன வரும். இப்பக் கம்பெனி பூட்டிக் கெடக்கு. அம்மா வீட்ல இருக்காக. பிள்ளைக தூங்கித் தெளிஞ்சு வருது. உங்க அட்டையா மார்க்க ஏத்துச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. "நானும் இந்த ஊர்க்காரிதான் டீச்சர். எனக்குத் தீபாவளி தெரியாதா?"

"தீபாவளி தெரியும் மேடம். அதுக்கு முந்துன ரெண்டு மாசம் உங்களுக்குத் தெரியாது."

மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் வீட்டில் பிறந்தவள் நான். சீசன் என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவள். ஆனால் எங்கள் வீட்டில் சீசன் என்றால் மூட்டை வந்து இறங்கும், அவ்வளவுதான். யாருடைய தூக்கமும் கெட்டதில்லை. இதை அன்றைக்கு ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் சணல் கட்டை எடுத்து மேசையில் வைத்து, "இதப் படிச்சுப் பாருங்க. கோடு ஏறுறது நல்லதுதான். யாரு ஏத்துனாகன்னு பாத்துட்டு எழுதுங்க" என்றீர்கள். நான் கட்டைத் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை. நாலாம் வகுப்பு டீச்சர் எனக்கு ஆராய்ச்சி சொல்லித்தருவதா என்று பஸ்ஸில் வழி நெடுகப் பொருமிக்கொண்டே போனேன்.

வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். பொங்கல் விடுமுறையில் பழைய விடைத்தாள்களைக் கட்டிப் பரணில் போட எடுத்தபோது உங்கள் வகுப்பு முத்துமாரியின் முதல் தேர்வுத் தாள் கண்ணில் பட்டது. மூன்றாவது கணக்குவரை எண்கள் ஒழுங்காக இருந்தன. நாலாவதில் எழுத்து சரிந்து, பென்சில் கோடு மட்டும் தாளின் ஓரம்வரை இழுத்துக்கொண்டே போயிருந்தது. குழந்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே தூங்கியிருக்கிறாள். அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 'கவனக் குறைவு' என்று நான் எழுதியிருந்தேன். மெல்லக் கற்பவர்கள் பட்டியலில் முதல் பெயரும் அவளுடையதுதான். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளி திறந்த அன்றே வந்தேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த எனக்கு அதற்கு வேலையே வைக்கவில்லை நீங்கள். "சாப்பிட்டீகளா மேடம்?" என்று கேட்டுவிட்டு, சணல் கட்டை எடுத்து நீட்டினீர்கள். முதல் தேர்வு நாளின் தாளைத் தேடி எடுத்தேன். 'முத்துமாரி தம்பிக்கு ஊட்டிட்டு வந்தா. பத்து மணி வரை கண்ணு சொக்குது. மதியம் கணக்குல கெட்டி' என்று இருந்தது. நான் ஒரு வருஷமாகத் தேடியது உங்கள் பென்சில் எழுத்தில் இருந்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். சீசனில் ஒரு தேர்வு, கம்பெனி பூட்டியிருக்கும்போது ஒரு தேர்வு என்று முழு வருஷமும் போனது. இந்த முறை நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன். சீசன் மாதங்களில் கணக்கு வகுப்பை மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளினோம். காலை முதல் மணியில் தூங்குகிறவர்களுக்குப் பாய் விரித்தோம். ஆய்வுக்கு வந்த இடத்தில் பாய் உதறிக்கொண்டிருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தெலுங்குப் பிள்ளைகள் என் அட்டைகளில் தங்கள் வீட்டுச் சொல்லையும் எழுதி ஒட்டியபோது வாசிப்பு கொஞ்சம் தேறியது. "அட்டையும் வேலை செஞ்சிருக்கு மேடம், இல்லேன்னு சொல்லக்கூடாது" என்று நீங்களே சொன்னீர்கள். முதல் அறிக்கையில் ஏறிய அளவுக்குக் கோடு ஏறவில்லை. ஆனால் சீசனிலும் விழாமல் நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். மெல்லக் கற்பவர்கள் பட்டியலை நான் கிழித்துப் போட்டேன்.

போன கோடை விடுமுறையில் போய்விட்டீர்கள். வகுப்பு நடக்கும் நாளில் லீவு போட்டுப் பழக்கமில்லாதவர், அதிலும் வழக்கத்தை விடவில்லை. பதினாறாம் நாள் உங்கள் மகள் அந்தச் சணல் கட்டுகளை ஒரு பையில் போட்டு, "அம்மா உங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னாக" என்று என் கையில் தந்தாள். இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

டீச்சர், உங்களுக்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதே இல்லை. பட்டம் வாங்கிய அன்று போனில் சொன்னேன். அது எல்லோருக்கும் சொல்கிற நன்றி. தப்பான ஒன்றை என் பெயரில் அச்சேறவிடாமல் நிறுத்தினீர்களே, அதற்கு இப்போது சொல்கிறேன்.

போன வாரம் என் ஆய்வு மாணவி ஒருத்தி ஓடிவந்தாள். மல்லாங்கிணறு பக்கத்துப் பள்ளி, கோடு சரசரவென்று ஏறியிருந்தது. முதல் தேர்வு எப்போது என்று கேட்டேன். ஐப்பசி என்றாள். மானாவாரிக் காட்டில் களையெடுப்பு மும்முரமாக நடக்கிற நேரம். இரண்டாவது, காட்டில் வேலை இல்லாத மார்கழியில். "அப்ப அம்மாமாரு எங்க இருந்தாக?" என்று உங்கள் பேச்சிலேயே கேட்டுவிட்டேன். முகம் சிவந்து, வாங்கி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போனாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

தடுக்காததற்குக் காரணம், உங்கள் சணல் கட்டில் இருந்த, நான் சண்டை போட்டுப் போன நாளின் தாள். பையை வாங்கி வந்த அன்றுதான் அதைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள். முத்துமாரி ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறாள். அதற்குக் கீழே ஒரு வரி:

'மேடம் சாப்பிடாமப் போயிட்டாக. வருவாக.'

வந்தேன் டீச்சர். இன்று கிழித்த தாளின் பின்பக்கத்தில் அந்த மாணவியின் பெயரை எழுதி, உங்கள் வரியின் கடைசிச் சொல்லைச் சேர்த்து, உங்கள் சணலில் கோத்து வைத்திருக்கிறேன்.