சிரித்த முகம் போதும்

ஜூலை 4
ஓவிய வகுப்பில் இடமில்லையாம். சேர்ந்திசை வகுப்பில் தள்ளிவிட்டார்கள். பாட்டு சாரின் சட்டதிட்டங்களுக்குக் குறைவில்லை. கால்களைச் சற்று அகற்றி நிற்க வேண்டும். மூச்சை வயிறு வரை இழுக்க வேண்டும், தோள் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: "தனியா ஒரு குரலும் கேட்கக் கூடாது." இதைச் சொன்ன அவர் குரல் பக்கத்து வகுப்பு வரை கேட்டது.

ஜூலை 11
சுருதி என்றால் என்னவென்று இன்றுதான் தெரிந்தது. சார் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்துவார். அதே உயரத்தில் நம் குரலும் நிற்க வேண்டும். என் குரல் கீழேயே உட்கார்ந்துகொண்டது. "மேல வாம்மா" என்றார். போனேன். "அவ்வளவு மேல வேணாம்." இப்படியே வகுப்பு போயிற்று. ஆனால் கடைசியில் எல்லோரும் ஒரே சுருதியில் நின்றபோது நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது. எனக்குப் பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூலை 12
அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 25
தப்பு பண்ணிவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் மகள் பாடுகிறாள் என்று வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர்களால் தப்பித்து ஓடவா முடியும்? ஆண்டு விழாவுக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருவாளாம், என் குரலைக் கேட்க.

ஆகஸ்ட் 8
வகுப்பு முடிந்ததும் சார் என்னை மட்டும் நிறுத்தினார். "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா. உனக்கு நல்ல சிரிச்ச முகம், மேடைக்கு அது போதும். யார்கிட்டயும் சொல்லாத, மத்தவங்க கவனம் கெட்டுடும்."
சிரிச்ச முகமாம். அத வச்சுக்கிட்டு நான் வீட்டுலயே இருந்திருப்பேனே — பாட்டு வகுப்புக்கு எதுக்கு வரணும்? குழாயத் திறந்துவிட்டுட்டு அழுதேன். அம்மாகிட்ட என்னத்தச் சொல்றது?

ஆகஸ்ட் 22
வாயசைப்பதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். "இவளப் பாருங்க, உச்சரிப்புன்னா இது" என்று சார் எல்லோருக்கும் காட்டினார்.

செப்டம்பர் 5
எங்கள் குழுவிலேயே நன்றாகப் பாடுகிறவள் குயில். நாங்கள் வைத்த பெயர். இன்று வகுப்பு முடிந்து வரும்போது அவள் கண் சிவந்திருந்தது. சளியா என்றேன். ம் என்றாள்.

செப்டம்பர் 19
ஒத்திகை பிரமாதமாம். வழக்கம்போல சாரும் எங்களோடு உரக்கப் பாடினார். "இப்பத்தான் எல்லாக் குரலும் ஒண்ணாக் கலந்திருக்கு" என்று கண்ணை மூடி உருகினார். எனக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அக்டோபர் 3
ஆண்டு விழா. அம்மா நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.
மேடையில் சார் பாடக் கூடாது, கை மட்டும்தான் காட்ட வேண்டும். கை இறங்கியது. எல்லோரும் வாயைத் திறந்தோம்.
சத்தமே இல்லை.
திரும்பிப் பார்த்தேன். குயில் வெகு அழகாக வாயசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கமும் அதே சிரித்த முகம். பின்வரிசையிலும். அடப்பாவி மனுஷா, ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு! (குயிலுக்குச் சொன்ன காரணம், பிறகு அவளே சொன்னது: "உன் குரல் தனியாத் தெரியுது.")
அம்மா கழுத்தை நீட்டிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு எப்படி வாயசைப்பது? பாடினேன். சுருதி எங்கேயோ, நான் எங்கேயோ. இரண்டாவது வரியில் குயில் சேர்ந்துகொண்டாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். சாரின் கைதான் எங்கள் பின்னால் ஓடிவந்தது.
வீடு வரும்வரை அம்மா வாய் ஓயவில்லை. "எல்லாரும் நல்லாத்தான் பாடுனாங்க. ஆனா ஆரம்பத்துல உன் குரல் மட்டும் தனியாக் கேட்டுச்சுடி."

அக்டோபர் 10
தொடக்கத்தில் வந்த அந்த மௌனத்தைத் தலைமையாசிரியை வெகுவாகப் பாராட்டினாராம். "நான் யோசிச்சு வச்சதுதான்" என்று சார் வகுப்பில் சொன்னார். ஒருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. பிறகு கீபோர்டில் கட்டையை அழுத்தி என் பக்கம் திரும்பினார்.
"மேல வாம்மா."
ஏறினேன். போதும் என்று அவர் சொல்லவில்லை.