எச்சில் பிஸ்கட்

அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமப்பட்ட உங்களுக்கு, நீங்கள் போன பிறகு கடிதம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இன்று வீடு முழுக்க எலுமிச்சைக் கிறீம் பிஸ்கட் மணக்கிறது.

கொண்டுவந்தவர் இங்குள்ள தமிழ்ச் சங்கத்து அங்கிள். போருக்கு நெடுநாள் முன்பே சிட்னிக்கு வந்து சேர்ந்தவர். இப்போது ஊரில் காணி வாங்கும் ஆசை; அதற்கு இராணுவத்தின் தயவு வேண்டும். அங்கிருந்து வரும் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவருக்கு ஸ்ட்ராத்ஃபீல்டில் வரவேற்பு வைக்கிறாராம்.

"முகாமில இருந்து வந்து பட்டம் எடுத்த பிள்ளை நீ. நீதான் பூச்செண்டு குடுக்கவேணும்."

வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அங்கிள்" என்றுவிட்டேன். பிறகுதான் அழைப்பிதழை நீட்டினார். அதில் முள்வேலிக்கு முன்னால் பிஸ்கட்டும் கையுமாக ஒரு சிறுமி.

"எவ்வளவு சந்தோசமாத் தின்னுறா பார்!"

அது நான், அம்மா.

போர் முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில், படம் பிடிக்க ஆட்கள் வரும் நாளில் மட்டும் இராணுவத்தார் எங்களுக்குத் தலை வாரி, வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பிஸ்கட் பக்கற் கொடுப்பார்கள். கமரா போனதும் பறித்துக்கொள்வார்கள். அடுத்து வருகிறவர்களுக்குக் காட்டவும் அதே பக்கற்றுகள் வேண்டுமே! ஒரு போரை வென்ற ஆண்கள், பிள்ளைகளின் கையிலிருந்து பிஸ்கட் பறித்தார்கள்.

அந்தப் படம் எடுத்த அன்று நீங்கள் என் பின்னால் வந்து மெல்லச் சொன்னீர்கள்: "உடைச்சு எல்லாத்தையும் நக்கு பிள்ளை. சிரிக்காத."

ஒன்று விடாமல் நக்கினேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் என்னைப் பார்த்து நக்கத் தொடங்கினார்கள். பறிக்க வந்தவன் எச்சிலைக் கண்டு முகம் சுளித்தான். நீங்கள் என் பக்கற்றை வாங்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள்.

"இந்தா, தின்."

அவனுக்குத் தமிழ் விளங்காது. உங்கள் முகம் விளங்கியது. திரும்பிப் போனான். அன்றிரவு கூடாரத்தில் நாங்கள் இருவரும் அந்த நமத்த பிஸ்கட்டைத் தின்றோம்.

அங்கிளிடம் இதில் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் தன் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்து, "பழசை மறக்கவேணும் பிள்ளை" என்றார். மறக்க அவருக்கு என்ன இருக்கிறது?

உங்கள் நகையோ சேலையோ என்னிடம் இல்லை. அன்று அவனைப் பார்த்த அந்த முகம் மட்டும் இருக்கிறது. ஆனால் அதை என் முகத்தில் கொண்டுவர எனக்கு இன்னும் தெரியவில்லை.

காலையில் அவருக்கு போன் எடுத்து, பூச்செண்டு கொடுக்க வரமாட்டேன், அந்தப் படத்தில் இருப்பது நான், அதை அழைப்பிதழிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லவேண்டும். என் குரல் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கேட்கிறேன் அம்மா: அந்த நேரம் வந்து என் பின்னால் நில்லுங்கோ.